ஃபோல்டரைப் பாத்துக்கொண்டிருக்கிற புரோக்கிராம் எழுதுற தம்பி தங்கச்சிமாருக்கு ஒரு திறந்த மடல்

கொழும்பில சின்னச் சின்ன ஒபிசுகளுக்கு சொஃப்ட்வெயார் செய்து குடுக்கிற தம்பிமார், தங்கச்சிமார் எல்லாருக்கும் வணக்கம்.

நானும் கொஞ்சம் கோட் எழுதுவன், ஆனா என்ர பிழைப்பு நீங்கள் எழுதி வச்சிட்டுப் போனதை ஓட வச்சுக்கொண்டிருக்கிறது. வெள்ளவத்தையில பிரிண்டிங் கடை, புதுக்கடையில லோயர்மாரின்ர ஒபிஸ், புறக்கோட்டையில கிளியரிங் ஏஜென்ட், எங்க போனாலும் ஒரு ஃபோல்டர் இருக்கும், அதுக்குள்ள ஸ்கேனரோ வேற ஆரோ ஃபைலைப் போடுவினம், உங்கட புரோக்கிராம் அதைக் கண்டு எடுத்து ஈமெயில் அனுப்பும், இல்லாட்டி பிரிண்டுக்கு விடும், இல்லாட்டி பேக்கப் எடுக்கும். நல்ல விசயம், ஆக்களுக்கு உண்மையிலேயே வேலை மிச்சம். பிரச்சினை என்னெண்டா இதில கனக்க புரோக்கிராம் டெமோ காட்டுற அண்டைக்கு மட்டும்தான் ஒழுங்கா ஓடுது, பிறகு கஸ்டமர் கோல் எடுக்கிறது உங்களுக்கு இல்லை, எனக்கு.

ஆரையும் பேர் சொல்லிக் குறை சொல்ல வரேல்ல. எல்லாரும் ஒரே இடத்திலதான் சறுக்குறீங்கள்: ஒப்பரேட்டிங் சிஸ்டம் அனுப்புற இவென்ட்டை, அதாவது ஃபோல்டரில ஏதோ மாறிச்சுது எண்ட அறிவிப்பை, அப்பிடியே நம்புறீங்கள். அது கேற்றில ஆரோ தட்டின சத்தம், அவ்வளவுதான். சத்தம் கேட்டா எழும்பிப் போய் ஆர் வந்தது, என்ன கொண்டுவந்தது எண்டு பாக்கோணும், சத்தத்தை மட்டும் வச்சு அடுப்பில தேத்தண்ணிக்குத் தண்ணி வைக்கக்கூடாது. உண்மை டிஸ்க்கில கிடக்கு, இவென்ட்டில இல்லை.

பாதி ஃபைல் கதையை முதல்ல சொல்லுறன், ஏனெண்டா எனக்கு வாற கோல்ல கூட இதுதான். ஸ்கேனர் ஒரு தடிச்ச காணி உறுதியை பிடிஎஃப் ஆக்கி ஷெயார் ஃபோல்டருக்குள்ள எழுதிக்கொண்டிருக்கு, ஃபைலின்ர பேர் விழுந்த உடனேயே இவென்ட் வந்திடும், உங்கட புரோக்கிராம் பாய்ஞ்சு எடுத்து கிளையன்ட்டுக்கு அனுப்பிடும், அங்க திறந்தா ஃபைல் டேமேஜ் எண்டு வரும், லோயர் ஐயா என்னைப் பேசுவார். டொட்நெட்டில (மைக்ரோசொஃப்ட்டின்ர புரோக்கிராம் எழுதுற தளம்) ஃபோல்டரைப் பாக்கிற ஃபைல்சிஸ்டம்வொட்ச்சர் பாவிக்கிறாக்கள் மைக்ரோசொஃப்ட்டின்ர டொக்குமென்டேசனை ஒருக்கா வாசியுங்கோ, ஃபைல் உண்டான உடனே கிரியேட்டட் வரும், கொப்பி ஆகிக்கொண்டிருந்தா அதுக்குப் பின்னால ஒண்டோ கனக்கவோ சேஞ்ச்ட் வரும் எண்டு வெளிப்படையா எழுதிக் கிடக்கு. 'எழுதி முடிஞ்சுது' எண்டு ஒரு இவென்ட் அதில இல்லவே இல்லை. லினக்சில நிலைமை கொஞ்சம் நல்லம், எழுதத் திறந்த ஃபைலை மூடேக்க ஐநோட்டிஃபை (லினக்சில ஃபைல் மாற்றத்தைச் சொல்லுற வசதி) குளோஸ்-ரைட் எண்டு ஒண்டு அனுப்பும், அதைக் கேளுங்கோ, கிரியேட்டைக் கேட்டுப்போட்டு ஓடாதேங்கோ. விண்டோசில வேற ஆரும் தொட ஏலாதபடி ஃபைலைத் தனியாத் திறந்து பாருங்கோ, விடேல்லை எண்டா இன்னும் எழுதுப்பட்டுக்கொண்டிருக்கு, நிண்டு திரும்பப் பாருங்கோ. சைஸ் சில செக்கனுக்கு மாறாம நிக்குதா எண்டும் பாக்கலாம், ஆனா வைஃபையில மெல்ல ஏறுற பெரிய ஃபைல் இடையில மூச்சு வாங்கும், அந்த நேரம் நீங்கள் முடிஞ்சுது எண்டு நினைச்சா கதை கந்தல்.

எழுதுறதும் எடுக்கிறதும் ரெண்டுமே உங்கட புரோக்கிராம் எண்டா இந்தத் தலையிடியே தேவையில்லை. வேற ஒரு பேரில முழுசா எழுதி முடிச்சு, பிறகு சரியான பேருக்கு ரீநேம் பண்ணுங்கோ. ஒரே டிரைவுக்குள்ள ரீநேம் எண்டது ஒரே மூச்சில நடக்கிற வேலை, பாதி ரீநேம் எண்டு ஒண்டு இல்லை. ஒரே டிரைவ் எண்டதைக் கவனியுங்கோ, டெம்ப் ஃபோல்டரை சி டிரைவில வச்சு ஃபைலை டி டிரைவுக்கு 'மூவ்' பண்ணினா அது பின்னால கொப்பியா மாறிடும், திரும்பப் பாதி ஃபைல்தான்.

அடுத்தது, இவென்ட் தொலையும். ஓம், தொலையும். ஃபைல்சிஸ்டம்வொட்ச்சரின்ர பஃபர் (இவென்ட்டைச் சேத்து வைக்கிற மெமரி இடம்) நீங்கள் ஒண்டும் சொல்லாட்டி 8192 பைட், கூட்டினாலும் 64 கிலோபைட்டுக்கு மேல போகாது. ஒரு ஆள் பென் டிரைவில கொண்டுவந்த கலியாண ஃபோட்டோ எல்லாத்தையும் ஒரே இழுவையில உள்ளுக்குப் போட்டா பஃபர் நிரம்பி வழியும், வழிஞ்சது போனதுதான், எரர் இவென்ட் ஒண்டு மட்டும் வரும், அந்த எரருக்கு ஹேண்ட்லர் எழுதின புரோக்கிராமை நான் கொழும்பில கண்டது வலு குறைவு. லினக்சிலயும் கியூ (இவென்ட் காத்திருக்கிற வரிசை) இருக்கு, வழமையா 16384 இவென்ட், அதுக்கு மேல போனா ஓவர்ஃப்ளோ எண்டு ஒண்டு வரும், என்னென்ன போச்சுது எண்டு சொல்லாது. அப்ப என்ன செய்யிறது? ஃபோல்டரை முழுசாத் திரும்ப ஒருக்கா வாசிக்கிறது. இந்த இவென்ட்டை மட்டும் வச்சுக்கொண்டு வேற வழி இல்லை, இருக்கு எண்டு ஆரும் சொன்னா நம்பாதேங்கோ.

லினக்ஸ் எண்டு வந்தபடியா ஒரு சின்னப் பழங்கதை. முதல்ல டிநோட்டிஃபை எண்டு ஒண்டு இருந்தது, ஒவ்வொரு ஃபோல்டரையும் திறந்து வச்சுக்கொண்டே இருக்கோணும், சிக்னல் மூலம் சொல்லும், எந்த ஃபைல் எண்டு சொல்லாது, பென் டிரைவைக் கழட்டவும் விடாது. அதின்ர கொடுமை தாங்காமத்தான் ஜோன் மெக்கச்சனும் ரொபர்ட் லவ்வும் ஐநோட்டிஃபையைக் கொண்டுவந்தது, 2005 ஓகஸ்டில வந்த 2.6.13 கேர்னலில (லினக்சின்ர உள் மையம்) இருந்து இருக்கு. அது நல்ல சாமான், ஆனா ஒரு ஃபோல்டருக்கு ஒரு வொட்ச் ('இதைப் பாத்துக்கொண்டிரு' எண்டு பதிஞ்சு வைக்கிறது), உள்ளுக்குள்ள இருக்கிற ஃபோல்டர் எல்லாத்தையும் தானாப் பாக்காது. புது சப்-ஃபோல்டர் வந்தா நீங்கள்தான் அதுக்கும் வொட்ச் போடோணும், போடுறதுக்கிடையில அதுக்குள்ள ஃபைல் விழுந்திட்டா அதை ஆரும் உங்களுக்குச் சொல்லமாட்டினம். அதால வொட்ச் போட்ட கையோட உள்ளுக்க என்ன கிடக்கு எண்டு வாசியுங்கோ. முதல் வொட்ச், பிறகு வாசிப்பு, இந்த ஒழுங்கு மாறக்கூடாது, மாறினா இடையில ஒரு ஓட்டை. ரெண்டு தரம் ஒரே ஃபைல் வந்தா வரட்டும், அதைத் தள்ளிவிடலாம், வராத ஃபைலை என்னண்டு பிடிக்கிறது?

வொட்ச் எண்ணிக்கைக்கும் ஒரு எல்லை இருக்கு. கனகாலம் அது ஒரு யூசருக்கு 8192 எண்டுதான் இருந்தது, 5.11 கேர்னலில இருந்து மெசினின்ர மெமரியைப் பாத்து கூடக் குடுக்குது. எல்லை முட்டினா வாற மெசேஜ்தான் பகிடி: 'டிவைசில இடமில்லை' எண்டு வரும். டிஸ்க் பாதிக்கு மேல காலி, ஆனா இடமில்லையாம். இதை நம்பி ஒரு இடத்தில பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவுக்குப் போய் புது டிஸ்க் வாங்கிப் போட்டிருக்கினம், போட்டும் அதே எரர்! அந்த எரரைப் பிடிச்சு 'வொட்ச் எல்லை முடிஞ்சுது, இந்த செட்டிங்கைக் கூட்டுங்கோ' எண்டு ஒரு வரி எழுதிவிட உங்களுக்கு எவ்வளவு நேரம் எடுக்கும், சொல்லுங்கோ பாப்பம்.

நெட்வேர்க் ஷெயாரைப் பற்றி நான் கோவம் இல்லாமக் கதைக்கிறது கஷ்டம். ஐநோட்டிஃபை சொல்லுறது அந்த மெசினின்ர கேர்னலுக்குத் தெரிஞ்சதை மட்டும்தான். ஷெயாரை மவுண்ட் பண்ணி வச்சுக்கொண்டு பாத்தா, வேற மெசினில இருந்து ஆரும் ஃபைல் போட்டது அதுக்குத் தெரியாது, எரரும் வராது, புரோக்கிராம் பச்சை லைட்டோட சும்மா குந்திக்கொண்டிருக்கும். விண்டோசில ஷெயார் ஃபோல்டருக்கு இவென்ட் வரும்தான், ஆனா கேபிள் ஒருக்கா கழண்டு திரும்பக் கொழுவினா வொட்ச்சர் தானா எழும்பி வராது, நீங்கள் அதைப் புதுசா உண்டாக்கோணும். ஏலுமெண்டா ஃபைல் இருக்கிற சேர்வரிலயே புரோக்கிராமை ஓட விடுங்கோ. ஏலாதெண்டா வெக்கப்படாம போலிங் செய்யுங்கோ, அரை நிமிசத்துக்கு ஒருக்கா ஃபோல்டரை வாசிச்சு, பேர், சைஸ், மாறின நேரம் மூண்டையும் பழைய லிஸ்டோட ஒப்பிடுறது. சில நூறு ஃபைல் இருக்கிற ஒபிசுக்கு அது ஒரு பாரமே இல்லை. போலிங் எண்டா பழைய காலத்து ஆக்கள் செய்யிறது எண்டு இன்டர்வியூவில ஆரோ சொல்லிவிட்டிருக்கினம் போல. என்னைக் கேட்டா ரெண்டும் வேணும், இவென்ட் கெதியா அறியிறதுக்கு, போலிங் விட்டதைப் பொறுக்கிறதுக்கு.

பிறகு கரண்ட். 2022ல ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் வெட்டின நாடு இது. 2025 பெப்ரவரி 9 பாணந்துறை உப மின்நிலையத்தில ஒரு குரங்கு பூந்து நாடு முழுக்க இருட்டானதும் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். புரோக்கிராம் ஓடாத நேரம் வந்த ஃபைலுக்கு இவென்ட் எண்டு ஒண்டு காத்துக்கொண்டு இருக்காது. யூபிஎஸ்ல சேர்வர் நிண்டு, உங்கட புரோக்கிராம் ஓடுற மெசின் விழுந்திருந்தா, அந்த இடைவெளியில சேந்தது எல்லாம் அப்பிடியே கிடக்கும், கஸ்டமர் கேக்கிற வரைக்கும் ஒருத்தருக்கும் தெரியாது. அதால தொடங்கேக்க முழு ஸ்கேன், செய்து முடிச்சது எது எண்டு டிஸ்க்கில ஒரு லிஸ்ட். மெமரியில வச்சிருக்கிற லிஸ்ட் குரங்கோட போயிடும்.

எடிட்டர்மார் செய்யிற கூத்தும் ஒண்டு இருக்கு. மைக்ரோசொஃப்ட் வேர்டில சேவ் அமத்தினா பழைய ஃபைலுக்கு மேல எழுதுறேல்ல, புதுசா ஒரு டெம்ப் ஃபைல் எழுதி, பழசை விலத்தி, புதுசுக்குப் பழைய பேரை வைக்கும். உங்கட பேக்கப் புரோக்கிராமுக்கு இடையில 'டிலீட்' எண்டு விளங்கி, பேக்கப்பில இருந்த நல்ல கொப்பியையும் அழிச்சிட்டா? டிலீட் வந்தா கொஞ்சம் பொறுத்து, ஃபைல் உண்மையாவே இல்லையா எண்டு பாத்துப்போட்டு அழியுங்கோ. லினக்சில தனி ஃபைலுக்கு வொட்ச் போட்டீங்களெண்டா, இப்பிடி ரீநேம் நடந்த பிறகு உங்கட வொட்ச் பழைய ஐநோடையே (பேருக்குப் பின்னால இருக்கிற பழைய ஃபைலை) பிடிச்சுக்கொண்டு நிக்கும், புது ஃபைலில என்ன நடந்தாலும் தெரியாது, அதால ஃபோல்டரைப் பாத்து பேரை வடிகட்டுங்கோ. விம் எண்ட எடிட்டர் பாவிக்கிறாக்கள் இருந்தா 4913 எண்டு ஒரு ஃபைல் வந்து உடனே மறையிறதைக் கண்டு பேய் எண்டு நினைக்காதேங்கோ, ஃபோல்டரில எழுத ஏலுமா எண்டு அது போட்டுப் பாக்கிறது.

தமிழ்ப் பேர் வச்ச ஃபைலைப் பற்றி ஒருத்தரும் உங்களுக்குச் சொல்லித் தந்திருக்கமாட்டினம். 'கொழும்பு' எண்ட பேரில வாற 'கொ'வை யூனிகோட்டில ரெண்டு விதமா எழுதலாம், க-வோட ஒரே குறியா ஒண்டு, கொம்பும் காலும் தனித்தனியா ரெண்டு குறி இன்னொண்டு. பழைய மெக்கில இருக்கிற எச்எஃப்எஸ் பிளஸ் ஃபைல் சிஸ்டம் பேரை எப்பவும் பிரிச்சுத்தான் வைக்கும். டிசைன் பண்ணுற பிள்ளையின்ர மெக்கில இருந்து லினக்ஸ் சேர்வருக்கு அந்த ஃபைல் வந்தா, கண்ணுக்கு ஒரே பேர், பைட்டில வேற பேர், உங்கட புரோக்கிராம் இதை இன்னொரு ஃபைல் எண்டு நினைச்சு அழைப்பிதழை ரெண்டு தரம் பிரிண்ட் பண்ணும். ஒப்பிடேக்க ரெண்டு பேரையும் என்எஃப்சிக்கு (குறிகளைச் சேத்து எழுதுற யூனிகோட் வடிவம்) மாத்தி ஒப்பிடுங்கோ, ஆனா ஃபைலைத் திறக்கேக்க டிஸ்க் குடுத்த பேரையே பாவியுங்கோ. இன்னொண்டு, லினக்சில வழமையாப் பாவிக்கிற எக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டத்தில பேருக்கு 255 பைட்தான், தமிழில ஒவ்வொரு குறிக்கும் 3 பைட் போகும், அப்ப 85 குறியோட முடிஞ்சுது. வழக்கு நம்பர், ரெண்டு பகுதிக்காரரின்ர பேர், திகதி எல்லாத்தையும் ஃபைல் பேரில எழுதிற கிளார்க் அக்காமார் அந்த எல்லையை முட்டுவினம், முட்டிப்போட்டு எனக்குத்தான் கோல் எடுப்பினம்.

ஆகவே ஒரு விண்ணப்பம். அடுத்த முறை இன்ஸ்டோல் பண்ண வரேக்க, காசு வாங்க முதல் கஸ்டமருக்கு முன்னால சிலதைச் செய்து காட்டுங்கோ: ஆயிரக்கணக்கில சின்ன ஃபைல் ஒரே அடியா கொப்பி, பெரிய ஃபைல் ஒண்டு வந்துகொண்டிருக்கேக்க நெட்வேர்க் கேபிளைக் கழட்டிக் கொழுவுறது, புரோக்கிராமை நிப்பாட்டி ஃபைல் போட்டுத் திரும்பத் தொடங்கிறது, தமிழ்ப் பேரில ஒண்டு. எல்லாத்துக்கும் போட்ட எண்ணிக்கையும் எடுத்த எண்ணிக்கையும் ஒண்டா வரோணும். லொக் ஃபைல் எங்க எழுதுப்படுது எண்டதையும் ஒரு துண்டில எழுதி மெசினில ஒட்டிவிட்டுப் போங்கோ, ஒவ்வொரு தரமும் சி டிரைவ் முழுக்கத் தேடுறன். அந்த லொக்கை நீங்கள் பாத்துக்கொண்டிருக்கிற ஃபோல்டருக்குள்ளயே மட்டும் எழுதாதேங்கோ, ஒவ்வொரு வரிக்கும் ஒரு இவென்ட், ஒவ்வொரு இவென்ட்டுக்கும் ஒரு வரி, விடிய வந்து பாத்தா டிஸ்க் உண்மையாவே நிரம்பியிருக்கும்.