மோதிரம் சரி, அந்தப் பெண்ணின் வேலை எங்கே?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் ஹாலிவுட் நடிகை ஜெண்டாயாவைப் பற்றி நான்கு பக்கத்துக்கு எழுதியிருந்தீர்கள். ஹாலிவுட் என்றாலே டாம் குரூஸ் எந்த விமானத்தில் தொங்கினார் என்று மட்டும் எழுதும் காலத்தில் இது பரவாயில்லை என்றுதான் ஆசையாகப் படிக்க உட்கார்ந்தேன். மூன்றரைப் பக்கம் உடை, 2025 ஜனவரியில் கோல்டன் குளோப் விழாவுக்கு அவர் போட்டுவந்த மோதிரம், நடிகர் டாம் ஹாலண்டுடன் நிச்சயதார்த்தம். மீதி அரைப் பக்கத்தில் படங்களின் பெயர்கள், அதுவும் மளிகைச் சீட்டு மாதிரி. அந்தப் பெண் என்ன வேலை செய்கிறார், அதை எப்படிப் பேசி வாங்கினார், எதற்கெல்லாம் முடியாது என்றார் என்று ஒரு வரிகூட இல்லையே சார்.

"ஸ்பைடர்மேன் படத்தில் திடீரென்று கவனம் பெற்றவர்" என்று ஆரம்பிக்கிறீர்கள். அந்தப் படம் வந்தது 2017-ல். அவர் டிஸ்னி சேனலில் நடிக்க ஆரம்பித்தது 2010-ல், 14 வயதில். பிறந்தது கலிபோர்னியாவின் ஓக்லண்டில், அப்பா அம்மா இருவருமே ஆசிரியர்கள். அம்மா கோடை விடுமுறையில் ஒரு திறந்தவெளி ஷேக்ஸ்பியர் நாடக அரங்கில் மேலாளராகக் கூடுதல் வேலை பார்ப்பார், இந்தச் சின்னப் பெண் அங்கே வருகிறவர்களுக்கு இருக்கையைக் காட்டிக்கொண்டு, நன்கொடைச் சீட்டு விற்றுக்கொண்டு, அப்படியே நாடகம் பார்த்து வளர்ந்திருக்கிறது. மகளுக்கு டிஸ்னி வாய்ப்பு வந்ததும் அப்பா வேலையை விட்டுவிட்டு அவரோடு லாஸ் ஏஞ்சல்ஸ் போனார், அம்மா ஓக்லண்டிலேயே பாடம் நடத்திக்கொண்டிருந்தார். இதில் திடீரென்று எது?

எனக்கு அவரிடம் பிடித்ததே அதற்குப் பிறகு நடந்ததுதான். முதல் தொடர் 2013-ல் முடிந்தது, அது நடனத் தொடர். அதே வருடம் தொலைக்காட்சி நடனப் போட்டி ஒன்றில் இரண்டாம் இடம் வந்தார், சொந்தப் பாட்டு ஆல்பமும் வெளியிட்டார். டிஸ்னி இன்னொரு தொடருக்குக் கூப்பிட்டது. அப்போது அவருக்குப் பதினாறு, பதினேழு வயதுதான். அந்த வயதில் நாமெல்லாம் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டிருப்போம். இவர் நிபந்தனை போட்டார். நான் தயாரிப்பாளராகவும் இருக்க வேண்டும், தொடரின் தலைப்பை மாற்ற வேண்டும், நாயகியின் பெயரையும் மாற்ற வேண்டும், அந்தக் குடும்பம் கறுப்பினக் குடும்பமாக இருக்க வேண்டும். அப்புறம் ஒன்று: நாயகிக்குப் பாடவும் தெரியக்கூடாது, ஆடவும் தெரியக்கூடாது! ஆடிப் பாடிப் பெயர் வாங்கிய பெண் கேட்கிற நிபந்தனையா இது? அவர் சொன்ன காரணம், ஆட்டம் பாட்டம் தவிர ஒரு பெண் வேறு எத்தனையோ விதமாக இருக்கலாம், கதை தடுமாறும்போதெல்லாம் அவளைப் பாட வைத்துச் சமாளிக்கக் கூடாது என்பது. அப்படி வந்த நாயகி கணக்கில் புலி, தற்காப்புக் கலை தெரிந்த உளவாளி. 2015 முதல் 2018 வரை ஓடியது.

நிறத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் உங்கள் அட்டைப்படத்தில் அவர் நிறத்தை நன்றாக வெளுத்திருக்கிறீர்கள். 2015-ல் அமெரிக்க இதழ் ஒன்று அவருடைய இடுப்பையும் உடம்பையும் கணினியில் இளைக்க வைத்துப் படம் போட்டது. பத்தொன்பது வயதுப் பெண், கோபித்துக்கொண்டு உட்காராமல் அசல் படத்தையும் திருத்திய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இன்ஸ்டாகிராமில் போட்டுவிட்டார். இதழ் திரும்பப் பெறப்பட்டது. தன்னைப் போன்ற வெளிர்நிறக் கறுப்பினப் பெண்ணைத்தான் ஹாலிவுட் சுலபமாக ஏற்றுக்கொள்கிறது, அந்தச் சலுகை தனக்கு இருக்கிறது என்று 2018-ல் மேடையில் அவரே சொன்னார். அப்படிச் சொன்னவரை இன்னும் இரண்டு படி வெளுப்பாக்கினால் எப்படி?

சரி, நடிப்புக்கு வருகிறேன். 'யூஃபோரியா' தொடரை நீங்கள் பார்த்தீர்களா என்று தெரியவில்லை. (வீட்டில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு பார்க்க வேண்டாம்.) போதைக்கு அடிமையான ரூ என்ற பள்ளி மாணவி. இரண்டாவது சீசனின் ஐந்தாவது எபிசோடில், ஒளித்து வைத்திருந்த மருந்துப் பெட்டியை அம்மா கண்டுபிடித்துவிட்டார் என்று தெரிந்ததும் அவள் வீட்டைப் புரட்டிப் போடுகிறாள். கதவை உதைத்து உடைக்கிறாள், பெற்றவளைப் பார்த்து வாயில் வரக்கூடாததெல்லாம் சொல்கிறாள், அடுத்த நிமிடம் மன்னிப்புக் கேட்டு அழுகிறாள், அந்த அழுகை பலிக்கவில்லை என்று தெரிந்ததும் மறுபடி கத்துகிறாள். எந்தக் கண்ணீர் நிஜம், எது மருந்துக்காகப் போடும் வேஷம் என்று பார்க்கிற நமக்கே குழம்பிவிடும், அந்த அம்மாவின் நிலைமை அதுதானே. பிறகு காரிலிருந்து குதித்து, போக்குவரத்து நடுவே ஓடுகிறாள். இந்தப் பாத்திரத்துக்கு 2020-ல், 24 வயதில், ஒலிவியா கோல்மன், லாரா லின்னி, சாண்ட்ரா ஓ எல்லோரும் இருந்த போட்டியில் தொலைக்காட்சிக்கான எம்மி விருது வாங்கினார். நாடகத் தொடர் பிரிவில் சிறந்த நடிகைக்கான விருதை அவ்வளவு சின்ன வயதில் அதுவரை யாரும் வாங்கியதில்லை. 2022-ல் இரண்டாவது முறை.

'மால்கம் & மேரி' படம் எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை, ஒன்றே முக்கால் மணி நேரம் புருஷன் பெண்டாட்டி சண்டை போல இரண்டு பேர் மாற்றி மாற்றிப் பேசுகிறார்கள். ஆனால் அது எடுக்கப்பட்ட விதம் கட்டுரையில் வந்திருக்க வேண்டும். 2020 கொரோனா காலம், படப்பிடிப்பெல்லாம் நின்றுபோய்ப் பலருக்கு வேலை இல்லை. ஒரே வீடு, இரண்டே நடிகர்கள், சின்னக் குழு, கறுப்பு வெள்ளை. தயாரிப்பாளர்களில் அவரும் ஒருவர். அந்தக் குழுவில் வேலை செய்தவர்களுக்குப் படத்தின் வருமானத்தில் பங்கு கொடுத்தார்கள்.

'சேலஞ்சர்ஸ்' (2024) வந்தபோதுதான் அப்பாடா என்றிருந்தது. அதுவரை ஸ்பைடர்மேனிலும் பள்ளிக்கூடம், யூஃபோரியாவிலும் பள்ளிக்கூடம். இதில்தான் முழங்காலில் அடிபட்டு டென்னிஸ் வாழ்க்கை போய், கணவனுக்குப் பயிற்சியாளராகி, அவன் வழியாகத் தன் ஆட்டத்தை ஆடித் தீர்க்கிற ஒரு கடுமையான பெண். நல்லவள் என்று பெயர் வாங்க எங்கேயும் அவர் முயலவில்லை.

உடையைப் பற்றியே எழுத வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவருக்குப் பதின்வயதிலிருந்து உடை தேர்வு செய்கிறவர் லா ரோச். ஆரம்பத்தில் பெரிய ஃபேஷன் நிறுவனங்கள் இந்தப் பெண்ணுக்கு உடை தர மறுத்ததை லா ரோச்சே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். மூன்றரைப் பக்கத்தில் இதற்கு இரண்டு வரி இடம் இல்லையா?

கடைசியாக ஒன்று. "இரண்டு ஆஸ்கர் வென்ற நடிகை" என்று படத்தின் கீழே போட்டிருக்கிறீர்கள். அவை தொலைக்காட்சிக்கான எம்மி விருதுகள். ஆஸ்கர் அவர் வாங்கியதில்லை. அடுத்த இதழில் ஒரு மூலையிலாவது திருத்தம் போடுங்கள், இதைப் படித்துவிட்டு என் தங்கை மகள் கல்லூரி விநாடி வினாவுக்குக் குறித்து வைத்திருக்கிறாள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பாளையங்கோட்டை