ஒரு கமா செய்த வேலை

அன்புள்ள சங்கரா,

ரிட்டயர் ஆன கையோடு பைதான் புரோகிராமிங் படிக்க உட்கார்ந்துவிட்டாயாமே, கல்லூரியில் லேப் என்றாலே காய்ச்சல் வரும் ஆளாச்சே நீ! இங்கே முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. அப்புறம், எங்கள் குடியிருப்பின் தண்ணீர் லாரிக் கணக்கை என் தலையில் கட்டிவிட்டார்கள், அதைப் பைதானில்தான் போட்டுக்கொண்டிருக்கிறேன், மதிப்பைப் போட்டு வைக்கும் மாறிகளுக்குப் பெயர்கூடத் தமிழில்தான்.

பல மதிப்புகளை வரிசையாக வைத்து இஷ்டப்படி மாற்றிக்கொள்ள லிஸ்ட் இருக்கும்போது, வைத்தபின் மாற்ற முடியாத டியூப்பிள் எதற்கு என்று கேட்டிருந்தாய். நான் அதைத் தேடிப் போகவில்லை, அதுவாக வந்து மாட்டியது. டிக்ஷனரிக்குள் (சாவியைக் கொடுத்தால் அதற்குரிய மதிப்பைத் தருமே, அது) இருந்த வரியை வெளியே எடுத்து ஒட்டும்போது கடைசிக் கமாவும் கூடவே வந்து, விலை = 1200, என்று நின்றுவிட்டது. டியூப்பிளை இரண்டால் பெருக்கினால் உள்ளே இருப்பதே இரண்டு முறை வரும், அதனால் இரண்டு லாரிக்கு 2400 வர வேண்டிய இடத்தில் (1200, 1200) என்று ரசீது வருகிறது, எர்ரரும் இல்லை, அரை நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். அடைப்புக்குறிதான் டியூப்பிள் என்று நினைத்திருந்தேனடா, (1200) வெறும் எண்தான், கமா விழுந்தால்தான் டியூப்பிள்.

பயனும் உண்டு. வீட்டை ('பி', 4) என்று எழுதி டிக்ஷனரிக்குச் சாவியாகவே வைத்திருக்கிறேன். அங்கே லிஸ்ட் போட்டால் பைதான் ஏற்காது. சாவியின் மதிப்பைக் கணக்கிட்டுத்தான் அது இடம் ஒதுக்குகிறது, நாளைக்குச் சாவியே மாறிவிட்டால் எங்கே போய்த் தேடும்?

ஆனால் 'மாறாது' என்பதை ரொம்பவும் நம்பிவிடாதே. வீடு = ('பி', 4, [12, 15]) என்று வைத்து, அந்த லிஸ்டில் 9-ஐச் சேர்க்க வீடு[2] += [9] என்று ஒருமுறை அடித்துப் பார் (பைதான் 0-இலிருந்து எண்ணும், [2] என்றால் மூன்றாவது). டைப் எர்ரர் என்று கத்தும். சரி, தடுத்துவிட்டது என்று பிரிண்ட் செய்தால் உள்ளே [12, 15, 9] இருக்கும்! முதலில் லிஸ்டை அதே இடத்தில் நீட்டிவிட்டு, பிறகுதான் அதை டியூப்பிளின் மூன்றாவது கட்டத்தில் திருப்பி வைக்கப் போகிறது, அந்த இரண்டாவது வேலைதான் தோற்கிறது. லிஸ்டின் கடைசியில் ஒன்றைச் சேர்க்கும் வீடு[2].அப்பெண்ட் என்றால் சத்தமே வராது (அதை மட்டும் ஆங்கிலத்தில்தான் அடிக்க வேண்டும்). எந்தக் கட்டத்தில் எது இருக்கிறது என்பதைத்தான் டியூப்பிள் காவல் காக்கிறது, அதற்குள் உட்கார்ந்திருக்கும் லிஸ்ட் தன்னிஷ்டப்படி வளரும். இப்படி லிஸ்டைச் சுமக்கும் டியூப்பிள் சாவியாகவும் ஆகாது, அதையும் போட்டுப் பார்த்துத் திட்டு வாங்கினேன்.

பொங்கலுக்கு வரும்போது லேப்டாப்பைக் கொண்டு வா. பி பிளாக் 4-ஆம் வீட்டுக்காரர் இன்னும் பாக்கி தரவில்லை, போகும்போது நீயும் கூட வா.

அன்புடன்,
குமார்