புகார்: மாடி வாட்டர்ப்ரூஃபிங் பில்லுல ஏத்திப் போட்ட சதுர அடி

வணக்கம் சார்,

பங்குனியில எங்க ஒத்தக்கடை வீட்டு மொட்டைமாடிக்கு நீங்க செஞ்ச வேலையோட பில்லு விஷயமா எழுதுறேன். போன்ல சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுப் போச்சு, அவரக் கேளுங்க இவரக் கேளுங்கன்னு அங்கிட்டும் இங்கிட்டும் அலைய விட்டதுதான் மிச்சம்.

மாடி 30க்கு 24. டேப் புடிச்சு அளந்தது உங்க சூப்பர்வைசர் தம்பிதான். 720 சதுர அடி, அடிக்கு 65 ரூவா, எல்லாஞ்சேத்து 46,800னு வாட்ஸ்அப்ல நீங்களே அனுப்புனீங்க, அத நம்பித்தான் 30,000 அட்வான்ஸ் குடுத்தோம். இப்ப பில்லுல 1,150 சதுர அடி, மேல ஜிஎஸ்டி 18 பர்சென்ட், மொத்தம் 88,205! கேட்டா கைப்பிடிச் சுவருக்கும் அடிச்சோம்ங்குறீங்க. அடிச்சது ஒரு அடி உயரத்துக்குத்தான், சரி மூணடி முழுசாவே வச்சுக்கங்க, சுத்தி 108 அடி, 324 வரும், கூட்டுனா 1,044. மிச்சம் 106 அடி யாரு வீட்டு மாடி சார்? தினமும் இதே வேல பாக்குற உங்களுக்கு இந்தக் கணக்கு தெரியாதா?

இதக் கேக்கத்தான் சித்திரைத் திருவிழாவுல, அழகர மதுரைக்கு எதிர்கொண்டு வரவேற்குற எதிர்சேவை அன்னைக்கு, உங்க கணக்குப் பாக்குறவரு ஓனர் இருக்காரு வாங்கன்னு கூப்பிட்டாருன்னு தல்லாகுளம் பக்கமெல்லாம் ரோட்ட அடச்சுக் கெடந்த கூட்டத்துல மாமியாரையும் கூட்டிக்கிட்டு பைபாஸ் ரோடு ஆபீஸுக்கு வந்தா பூட்டிக் கெடக்கு. போன் பண்ணுனா "இன்னைக்குப் போயி யாராச்சும் ஆபீஸ் தொறப்பாங்களா"ங்குறாரு. வரச்சொன்னதே அவருதான! மறுபடி போனப்ப நாலு பேரு முன்னாடி வச்சு "காசு இல்லாதவங்க எதுக்கும்மா மாடி கட்டுறீங்க"ன்னாரு. எங்க மாமியார் அன்னைக்கு ராத்திரி சாப்பிடவே இல்ல. 30,000 வாங்கும்போது இதே மனுசன்தான் அம்மா அம்மான்னு பேசுனாரு.

வேலையாச்சும் உருப்படியா இருக்கான்னா கோடமழைக்கே பழைய எடத்துலயே ஒழுகுது. பீரோவுல இருந்த கல்யாணப் பட்டெல்லாம் கறை. மொத்தத்துல எங்களுக்கு ரெண்டு லட்சத்துக்குக் கொறையாம நஷ்டம், மனக்கஷ்டம் தனி.

இன்னொண்ணு, பில்லுல ஜிஎஸ்டி நம்பரே இல்ல. ரிஜிஸ்டர் பண்ணாதவங்க வரி வாங்கவே கூடாது சார். பண்ணியிருந்தா நம்பர் போட்ட பில்லாக் குடுங்க. அஞ்சு வருச வாரண்டி கார்டும் இன்னும் வரல.

தயவுசெஞ்சு நீங்களே நேர்ல வந்து அளந்து பாருங்க. ஒழுகலச் சரிபண்ணி, பேசுன ரேட்டுக்குப் பில்லும் வாரண்டியும் குடுத்தா மிச்சம் 16,800ஐ அன்னைக்கே ஜிபே பண்ணிடுறேன். வர்ற வெள்ளிக்குள்ள பதில் இல்லன்னா நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915க்கு போன் போட்டுட்டு மதுரை நுகர்வோர் கோர்ட்டுலயும் கேஸ் குடுப்பேன், அஞ்சு லட்சம் வரைக்கும் அங்க ஃபீஸே கெடையாது. எஸ்டிமேட், பில்லு, ஒழுகுற வீடியோ எல்லாம் பத்திரமா வச்சிருக்கேன்.

உங்க மேல மரியாத இருக்கப் போயித்தான் மொதல்ல உங்களுக்கு எழுதுறேன். அந்தக் கணக்குப் பாக்குறவரு மட்டும் இனிமே எங்களுக்கு போன் பண்ண வேணாம், நீங்க பண்ணுங்க.

இப்படிக்கு,
ஒத்தக்கடை கஸ்டமர்