யாரை ஆதரிப்பது என்பதை வாக்காளரிடமும் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

இலங்கையின் அடுத்த ஜனாதிபதித் தேர்தல் 2029இல் வரவேண்டியது. அதற்கு முன் அந்தப் பதவியே ஒழிக்கப்படலாம் என்றும் சொல்லப்படுகிறது. எனினும், தமிழ் வாக்காளர் யாரை ஆதரிப்பது என்ற முடிவை எவர், எப்போது, எப்படி எடுப்பது என்பதைத் தேர்தல் அறிவித்த பிறகு பேசிப் பயனில்லை என்பதை 2024 நமக்குக் காட்டிவிட்டது. ஆகவே அதை இப்போதே எழுதுகிறேன்.

2024 செப்டெம்பர் 21இல் நடந்த தேர்தலுக்காக, சிவில் அமைப்புகளும் சில கட்சிகளும் இணைந்த பொதுக்கட்டமைப்பு ஓகஸ்ட் மாதத்தில் பா. அரியநேத்திரனைத் தமிழ்ப் பொது வேட்பாளராக அறிவித்தது. தமிழரசுக் கட்சியின் மத்திய குழு செப்டெம்பர் 1ஆம் திகதி வவுனியாவில் கூடி, சஜித் பிரேமதாசவை ஆதரிப்பதாக முடிவு செய்தது. அதே கட்சியைச் சேர்ந்த சிலர் பொது வேட்பாளரின் மேடையிலே நின்றார்கள். இன்னொரு கட்சி தேர்தலையே புறக்கணிக்கச் சொன்னது. தபால் மூல வாக்களிப்பு செப்டெம்பர் 4ஆம் திகதி தொடங்கியது என்பதை நினைத்துப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை முடிவைக் கேட்ட ஆசிரியரும் தாதியும் சில நாள்களிலேயே வாக்களிக்க வேண்டியிருந்தது. இந்த முடிவுகளுள் எது சரி, எது பிழை என்று வாதிடுவது என் நோக்கமன்று. இவற்றுள் எதுவும் வாக்காளரிடம் கேட்டு எடுக்கப்பட்டதல்ல என்பதே என் முறைப்பாடு.

மக்களுக்கு அபிப்பிராயம் இல்லாமல் இருந்ததா? ஒட்டுசுட்டானில் எங்கள் வாசிகசாலை விறாந்தையில் அந்த நாள்களில் மாலைதோறும் நடந்த வாதங்களைக் கேட்டவன் என்ற முறையில் சொல்கிறேன், அபிப்பிராயத்துக்குப் பஞ்சமே இருக்கவில்லை. முத்தையன்கட்டுக் குளத்தின் கீழ் வயல் செய்யும் ஒருவர், 2021இல் இரசாயன உரத்தைத் திடீரென்று தடை செய்ததால் ஏற்பட்ட கடனை இன்னும் கட்டுவதாகவும், ரணில் விக்கிரமசிங்க ஜனாதிபதியாக வந்த பிறகுதான் உரமும் டீசலும் வரிசையில் நிற்காமல் கிடைத்ததாகவும் சொல்லி, அவருக்கே வாக்கு என்றார். 2019க்குப் பிறகு பணம் வராமல் சுவர் மட்டத்தில் நின்றுபோன வீட்டுக்குத் தகரம் போட்டுக் குடியிருக்கும் பெண்ணொருவர், வீட்டுத்திட்டத்தைத் தொடங்கியவரே முடித்துத் தருவார் என்று சஜித்துக்காகப் பேசினார். ஆடைத் தொழிற்சாலைக்குப் போகும் இரண்டு பிள்ளைகள் அநுரகுமார திசாநாயக்கவின் பெயரைச் சொன்னபோது பெரியவர்கள் சீறினார்கள்; பிள்ளைகள் விட்டுக்கொடுக்கவில்லை. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த ஒரு தாய், 2017 முதல் வீதியோரத்தில் இருந்து பிள்ளைகளைக் கேட்கும் எங்களுக்கு இவர்களுள் எவர் பதில் சொன்னார் என்று கேட்டுவிட்டு, தன் வாக்குப் பொது வேட்பாளரின் சின்னமான சங்குக்கே என்றார். ஒருவரும் எதிர்த்துப் பேசவில்லை. இவ்வளவு பொறுப்போடு காரணம் சொல்லிப் பேசத் தெரிந்தவர்களிடம், கட்சிகள் கேட்டது வாக்கை மட்டுமே.

எங்கள் வன்னித் தேர்தல் மாவட்டத்தில் அம்முறை சஜித் முதலாவதாகவும், ரணில் இரண்டாவதாகவும், அரியநேத்திரன் மூன்றாவதாகவும் வந்தார்கள். நாடு முழுவதிலும் பொது வேட்பாளருக்குக் கிடைத்தவை 226,343 வாக்குகள். தமிழரின் ஒருமித்த குரல் என்று நிறுத்தப்பட்டவர் வன்னியிலேயே மூன்றாம் இடத்துக்குப் போனதற்கு மக்களின் உணர்வு குன்றியது காரணமன்று. முன்கூட்டிக் கேட்டிருந்தால் மக்கள் அவரைத் தம்முடையவராக ஏற்றிருக்கவும் கூடும், வேறொருவரைச் சொல்லியிருக்கவும் கூடும். எதுவானாலும் அது அவர்களுடைய தெரிவாக இருந்திருக்கும்.

அமெரிக்கக் கட்சிகளும் ஒருகாலத்தில் இப்படித்தான் மேலிருந்து முடிவெடுத்தன. 1968இல் பிரைமரி எனப்படும் வேட்பாளர் தெரிவுத் தேர்தல்கள் எதிலும் போட்டியிடாத ஹியூபேர்ட் ஹம்ப்ரியை, ஜனநாயகக் கட்சிப் பெரியவர்கள் சிக்காகோ மாநாட்டில் வேட்பாளராக்கினார்கள். வெளியே வீதியில் இளைஞர்கள் பொலிஸாரிடம் அடிவாங்கினார்கள். நவம்பரில் ஹம்ப்ரி தோற்றார். அதற்குப் பிறகே விதிகள் மாற்றப்பட்டு, 1972 முதல், வேட்பாளரைத் தெரியும் மாநாட்டுப் பிரதிநிதிகளுள் பெரும்பாலானோர் வாக்காளரின் தெரிவால் வந்தார்கள். அயோவா மாநிலத்தில் அக்கட்சி 2020 வரை கடைப்பிடித்த முறை எனக்கு மிகவும் பிடித்தது. குளிர்கால இரவொன்றில் பாடசாலைகளிலும் நூலகங்களிலும் அயலவர்கள் கூடி, தத்தம் வேட்பாளரின் பக்கம் போய் நிற்பார்கள். பொதுவாக நூற்றுக்கு 15 வீதம்கூடச் சேராத அணியினர் கலைந்து, தமக்கு அடுத்துப் பிடித்தவரின் பக்கம் போகலாம். மற்றவர்கள் அவர்களை வாதாடி அழைப்பார்கள். 2008 ஜனவரி 3இல் பராக் ஒபாமா அங்கே பெற்ற வெற்றிதான் அவர் வெல்லக்கூடியவர் என்பதை நாட்டுக்குக் காட்டியது. அந்த நாடும் எப்போதும் ஒழுங்காக நடப்பதில்லை. 2024இல் ஜோ பைடன் ஜூலையில் விலகியபோது, எந்தத் தெரிவுத் தேர்தலும் இல்லாமலே கமலா ஹரிஸ் வேட்பாளரானார். அந்தக் குறை தேர்தலுக்குப் பின்னும் பேசப்பட்டது.

‘அடுத்துப் பிடித்தவர் யார்’ என்ற அந்தக் கேள்வி நம் வாக்குச்சீட்டிலேயே இருக்கிறது. 1, 2, 3 என்று மூன்று விருப்புகளை நாம் இடலாம். எவரும் பாதிக்கு மேல் பெறாவிட்டால், முதல் இருவரைத் தவிர மற்றவர்கள் நீக்கப்பட்டு, அவர்களுக்கு வாக்களித்தோரின் அடுத்த விருப்பு எண்ணப்படும். 2024இல்தான் முதன்முறையாக அது எண்ணப்பட்டது. நீக்கப்பட்ட வேட்பாளர்களுக்கு ஏறத்தாழ 33 இலட்சம் வாக்குகள் கிடைத்திருந்தன. அவற்றிலிருந்து அநுரவுக்கும் சஜித்துக்கும் சேர்த்துப் போனவை சுமார் 2 இலட்சத்து 73 ஆயிரம் மட்டுமே. மற்றவற்றில் இந்த இருவருக்கும் எண்ணத்தக்க விருப்பு எதுவும் இருக்கவில்லை. சங்குக்கு முதல் விருப்பையும் தனக்கு ஏற்ற தெற்கு வேட்பாளருக்கு இரண்டாம் விருப்பையும் இட்டிருந்தால், அந்தத் தாயின் கோரிக்கையும் வயல்காரரின் கணக்கும் ஒரே சீட்டில் இடம்பெற்றிருக்கும். வாசிகசாலையில் இருந்தவர்களுக்கு இதை எடுத்துச் சொல்ல எந்தக் கட்சிக்காரரும் வரவில்லை என்பது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

நான் கேட்பது பெரிய காரியமன்று. மன்னார், முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களிலும், யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தோடு சேர்க்கப்பட்டிருக்கும் கிளிநொச்சியிலும், ஒவ்வொரு பிரதேச செயலாளர் பிரிவிலும் வேட்புமனுவுக்குப் பல வாரங்களுக்கு முன்பே வாக்காளர் கூட்டங்களை நடத்த வேண்டும். பொது வேட்பாளராக விரும்புவோரும், ஒரு தெற்கு வேட்பாளரை ஆதரிக்கச் சொல்வோரும், புறக்கணிக்கச் சொல்வோரும் அங்கே வந்து மக்களின் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். பின்னர் தேர்தல் இடாப்பில் பெயருள்ள எவரும் மூன்று விருப்புகளோடு வாக்களிக்க, அதன் முடிவைக் கட்சிகள் ஏற்க வேண்டும். அயோவாவைப் போல எழுந்து நின்று காட்டுவது இங்கே ஆகாது. கூட்டம் கூடினால் புலனாய்வாளர் வந்து பெயர் கேட்கும் மண்ணில் வாக்கு இரகசியமாகவே இருக்க வேண்டும். ஒரே இரவில் முடிப்பதும் சரிவராது. கடலுக்குப் போகிறவரும் தொழிற்சாலையில் இரவு வேலை செய்கிறவரும் விடுபட்டுப் போவார்கள். மாற்றுக் கட்சிக்காரர் புகுந்து குழப்புவார்கள் என்று சிலர் அஞ்சலாம். அமெரிக்காவின் நியூ ஹாம்ஷயர் மாநிலத்தில் எந்தக் கட்சியிலும் பதிவு செய்யாதவர்களும் வேட்பாளர் தெரிவுத் தேர்தலில் வாக்களிக்கிறார்கள்; அதனால் அங்கே கட்சிகள் அழிந்துவிடவில்லை. செலவுக்கு வழி என்ன என்றால், ஒரு பெரிய மேடைக் கூட்டத்தின் செலவில் ஒரு பிரதேசத்தின் வாக்கெடுப்பை நடத்திவிடலாம் என்பது என் கணிப்பு.

2018 ஒக்டோபரில் பதவிக்காலம் முடிந்த வட மாகாண சபைக்கு இன்னும் தேர்தல் நடத்தப்படவில்லை. அது வரும்போது முதலமைச்சர் வேட்பாளரை இந்த முறையில் தெரிந்தெடுத்துப் பார்க்கலாம். ஜனாதிபதித் தேர்தலுக்கு அது நல்ல ஒத்திகையாகவும் அமையும்.

வேட்பாளர் தெரிவில் வாக்காளரைச் சேர்த்துக்கொள்ளச் சம்மதமா, இல்லையெனில் ஏன் என்ற கேள்வியைத் தமிழ்க் கட்சிகள் ஒவ்வொன்றிடமும் தங்கள் பத்திரிகை எழுத்தில் கேட்டு, வரும் பதில்களையும், பதில் தராதோரின் பெயர்களையும் பிரசுரிக்க வேண்டுமெனப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
வாக்காளர் ஒருவர்,
ஒட்டுசுட்டான்.