தம்பிக்கு, கால்கரியிலிருந்து

அன்புத் தம்பிக்கு,

நாலு மாசமா ஒரு வரிகூட எழுதாம இருந்துட்டேன், மன்னிச்சுக்கோடா. போன்ல அம்மா, அப்பா, அத்தைன்னு கை மாத்தி கை மாத்தி பேசி முடிக்கறதுக்குள்ள எனக்கு ஷிஃப்ட்டுக்கு நேரமாயிடுது, உன்கிட்ட ஒழுங்கா பேசவே முடியறதில்ல. போன ஞாயித்துக்கெழம அம்மா குடுத்துவிட்ட பருப்புப்பொடி டப்பாவைப் பிரிச்சா மூடிக்கடியில உன் லெட்டர், நாலு பக்கம், அதுல மூணு பக்கம் கார். பேப்பரெல்லாம் பூண்டு வாசம். படிச்சுட்டு ரொம்ப நேரம் அப்படியே உக்காந்திருந்தேன்.

இங்க இப்ப மைனஸ் 27. ஒவ்வொரு காருக்கும் முன்னாடி கிரில்லுல ஒரு பிளக் தொங்கும், ராத்திரி அதைக் கரண்ட்ல சொருகி எஞ்சினைச் சூடா வெக்கணும், இல்லேன்னா காலைல ஆயில் கெட்டியாகி ஸ்டார்ட் ஆகாது. நம்ம பொழுதோட மாட்டைக் கட்டுத்தறியில கட்டற மாதிரி தெருவெல்லாம் காரைக் கட்டி வெச்சிருக்காங்க. ஊரு என்னவோ சமவெளி மாதிரிதான் தெரியும், ஆனா ஆயிரம் மீட்டருக்கு மேல, நம்ம வால்பாறை உயரம். காத்து லேசா இருக்கறதால சாதா எஞ்சின் கொஞ்சம் மூச்சு வாங்கும், டர்போ வண்டி, அதான் புகை வேகத்துல சுத்தற விசிறி காத்தை அமுக்கி எஞ்சினுக்குள்ள தள்ளற வண்டி, அந்தக் கொறையைத் தானே இழுத்துக் கட்டிக்கும்.

நீ கேட்ட விஷயத்துக்கு வர்றேன். உன் போலோ ஜிடி டிஎஸ்ஐ காருக்குப் பெரிய டர்போ போடலாமா, ஒன்றரை லட்சம் ஆகும், சீட்டுப் பணத்தை எடுத்துரட்டுமான்னு எழுதியிருக்க. வேண்டாம்டா. ஏன்னு சொல்றேன், கோவிச்சுக்காம முழுசா படி.

பக்கத்து வீட்டு போலந்துத் தாத்தாவை அம்மாவுக்குத் தெரியும், வீடியோ கால்ல கைகூப்பினாரே அவர்தான். பகல்ல யார்கிட்டயும் ஒரு வார்த்தை பேசமாட்டார், ராத்திரி பத்து மணிக்கு கராஜ் ஷட்டரைத் தூக்கி லைட்டைப் போட்டுட்டு நின்னுக்கிட்டே ஊறப்போட்ட வெள்ளரிக்கா தின்பார். நான் 2007 மாடல் ஃபோக்ஸ்வேகன் ஜிடிஐ கார் வாங்கினதும் அவரே வந்து பானட்டைத் திறக்கச் சொன்னார். எஞ்சின் கம்ப்யூட்டரோட சாஃப்ட்வேரை மாத்தி பவர் கூட்டறது, ரீமேப்னு பேரு, அதைப் பண்ணலாம்னு இருக்கேன்னு சொன்னேன். மொதல்ல இந்த வண்டி தொலைச்ச பவரைக் கண்டுபிடி, புதுசா அப்புறம் வாங்கலாம்னார்.

காத்து எங்கயாவது ஒழுகுதான்னு பாக்க, எஞ்சினுக்குக் காத்து போற குழாய் வாயில ஒரு பிவிசி மூடி, அதுல டயர் வால்வு, கம்ப்ரஸர்ல காத்து ஏத்தினோம். உஸ்ஸ்ஸுன்னு சத்தம். சோப்புத் தண்ணி தொட்டு வெச்சா, அமுக்கின காத்தைக் குளிர வெக்கற இன்டர்கூலர் குழாய் ஜாயின்ட்ல நுரை பொங்குது. டர்போ கஷ்டப்பட்டு அமுக்கின காத்து அங்கயே போயிட்டிருந்திருக்கு. ஒரு கிளாம்ப், அவ்ளோதான் செலவு. அடுத்தது டைவர்ட்டர் வால்வு, ஆக்ஸிலேட்டரை விட்டதும் மிச்சக் காத்தைத் திருப்பி விடறது, உள்ள ரப்பர் தோல் கிழிஞ்சிருந்துச்சு, பிஸ்டன் வெச்ச புது மாடலை மாத்தினோம். அப்புறம் ஹை பிரஷர் பெட்ரோல் பம்புக்கடியில ஒரு குட்டி எஃகுக் கிண்ணம் இருக்கு, கேம் ஃபாலோவர்னு பேரு, சோடா மூடி அளவுதான். புதுசுல மேல கருப்புப் பூச்சு மினுமினுன்னு இருக்கும். தேய்ஞ்சு பூச்சு போயி வெள்ளி தெரிஞ்சா மாத்திடணும், ஓட்டை விழுந்தா பம்பும் போச்சு கேம் ஷாஃப்ட்டும் போச்சு. முன்ன வெச்சிருந்தவர் கழட்டியே பாக்கல போல, என்னுதுல நடுவுல நெகம் மாதிரி மெல்லிசா ஆயிருந்துச்சு. தாத்தா அதை அவர் வீட்டு ஜன்னல்ல பூந்தொட்டி பக்கத்துல வெச்சிருக்கார், இன்னமும் இருக்கு.

இதெல்லாம் முடிச்சதும் ரீமேப் பண்ணாமயே வண்டி வேற வண்டி ஆயிடுச்சு. கம்பெனி குடுத்த 200 குதிரை சக்தில எத்தனை காணாம போயிருந்துச்சோ தெரியல, திரும்பி வந்ததைக் கால்லயே உணர முடிஞ்சுது.

ரீமேப் தாத்தா வண்டியில இருக்கு, ஓட்டிப் பாத்தேன். டர்போ வண்டிக்குக் குறைஞ்ச காசுல அதிக பவர் அதுலதான், சந்தேகமே இல்ல. சாதா எஞ்சின்ல சாஃப்ட்வேரை மாத்தினா ஏதோ கொஞ்சம்தான் கிடைக்கும், டர்போல பூஸ்ட், அதான் காத்தை எவ்ளோ அமுக்கணும்கற அளவையே கம்ப்யூட்டர் தீர்மானிக்கறதால நம்பர் மாத்தினாலே இழுவை கூடிடும். உன் 1.2 கம்பெனி குடுக்கறப்ப 105 குதிரை, இழுவை 175 நியூட்டன் மீட்டர். நிதானமான ரீமேப்ல 20, 25 குதிரை கூடும். ஆனா உன் வண்டில இருக்கற ஏழு கியர் டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கு ஆயில்ல முங்காத உலர் கிளட்ச், அது தாங்கறதே 250 நியூட்டன் மீட்டர்தான், பெரிய டர்போ போட்டா மொதல்ல போறது கிளட்ச்தான், அந்தச் செலவு இந்த ஒன்றரை லட்சத்துல வராது.

அதனால வரிசையா இப்படிச் செய். காலைல மொத ஸ்டார்ட்ல டைமிங் சங்கிலி கடகடங்குதான்னு காது குடுத்துக் கேளு, கேட்டா பவர் பேச்சையே எடுக்காத. ஸ்பார்க் பிளக் புதுசு போடு, பூஸ்ட் ஏத்தறப்ப அதோட முனைக்கு நடுவுல இடைவெளி கொஞ்சம் கம்மியா இருக்கணும், 0.7 மில்லிமீட்டர் வாக்குல, இல்லேன்னா தீப்பொறி அணைஞ்சு வண்டி திக்கும். நேரா சிலிண்டருக்குள்ள பெட்ரோல் அடிக்கற எஞ்சின்கறதால இன்டேக் வால்வுல கரி படியும், பெட்ரோல் அதைக் கழுவாது, இங்க வால்நட் ஓட்டுத் தூளை அடிச்சுச் சுத்தம் பண்றாங்க. ரீமேப் பண்றவன்கிட்ட பொள்ளாச்சில தெனமும் எந்த பெட்ரோல் போடுவியோ அதுக்கு எழுதச் சொல்லு, கோயமுத்தூர் போனாத்தான் கிடைக்கும்கற பெட்ரோலுக்கு வேண்டாம், சித்திரை வெயில்ல பெட்ரோல் நேரங்கெட்டு வெடிச்சு எஞ்சின் நாக் ஆகும். இங்க பங்க்ல ஆக்டேன் 91ன்னு போட்டிருக்கற பெட்ரோல் ஏறக்குறைய நம்ம ஊரு 95தான், கணக்குப் பாக்கற முறை வேற, அதனால இங்கத்த நம்பரைப் பாத்து ஏமாந்துடாத. புகையைச் சுத்தம் பண்ற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை வெட்டி எடுக்கச் சொன்னா அந்த ஒர்க்‌ஷாப்பை விட்டு வந்துடு.

எல்லாத்துக்கும் முன்னாடி பிரேக். ஆழியாறுலருந்து வால்பாறைக்கு நாப்பது கொண்டை ஊசி வளைவு, ஏர்றதுக்கு பவர் வேணும் சரி, எறங்கறதுக்கு? பிரேக் ஆயில் ஈரத்தை இழுத்துக்கும், ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா மாத்து, நல்ல பேடு, நல்ல டயர். தங்கச்சியையும் அம்மாவையும் உக்காரவெச்சு ஓட்டற வண்டிடா அது.

என் வண்டியை தீபாவளிக்கு அப்புறம் குடுத்துட்டேன். குளிர்காலத்துல அதை வெச்சுக்கிட்டு என்ன பண்றது, ட்ரெயின் ஸ்டேஷன் நடக்கற தூரம்தான், வேலைக்குப் போக அதுவே வசதியா இருக்கு. அம்மாகிட்ட இப்போதைக்குச் சொல்லாத, வேற மாதிரி நெனச்சுக்குவாங்க. இந்த மாசம் அனுப்பறது பத்து நாள் தள்ளி வரும், பேங்க் அக்கவுண்ட் மாத்தறேன், அதான்.

அந்த உஸ்ஸுங்கற சத்தம் கேட்ட அன்னிக்கு எனக்கு நம்ம கெணத்து மேட்டு பைப் ஞாபகம் வந்துடுச்சு. ஜாயின்ட் பிச்சுக்கிட்டா அப்பா பழைய சைக்கிள் டியூபைக் கிழிச்சு இழுத்துச் சுத்துவாரே, நான் டார்ச் அடிப்பேன், நீ தூங்கி விழுவ. தாத்தாகிட்ட இங்கிலீஷ்ல சொல்லப் பாத்தேன், பாதிக்கு மேல வரல. அவர் என்ன புரிஞ்சுக்கிட்டாரோ, ஒரு வெள்ளரிக்கா எடுத்துக் குடுத்தார்.

சீட்டுப் பணத்தைத் தொடாத. தென்னந்தோப்புல வேர் வாடல் நோய் பரவுதுன்னு ஒரே ஒரு வரி எழுதியிருக்க, அதுக்குத்தான்டா நாலு பக்கம் வேணும். எத்தனை மரம்? ஓலை விலா எலும்பு மாதிரி உள்ள வளைஞ்ச மரத்தை வேரோட எடுக்கச் சொல்லிட்டாங்கன்னா அப்பா ஒத்துக்கமாட்டார், பெரியப்பாவை வெச்சுப் பேசு, மறுகன்னுக்கும் மோட்டார் காயிலுக்கும் அந்தச் சீட்டு இருக்கட்டும். தங்கச்சி ஜாதகம் பழனிக்காரங்களுக்குக் குடுத்தது என்னாச்சு? அம்மா மாத்திரையை வேளைக்குப் போடறாங்களா?

கெணத்து மேட்டுல அப்பாரு வெச்ச ரெண்டு மரம், அதுக்கும் வந்திருக்கா? அதை மட்டும் பாத்துட்டு ஒடனே எழுது.

அண்ணன்