டெக் பயணிகளின் கட்டுகளைத் திறந்து காட்டுங்கள்: ஆவணக் காப்பகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆவணக் காப்பகப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

போன மாதம் 3 நாள் லீவு போட்டு, பேராக்கிலிருந்து இரவு பஸ் பிடித்து உங்கள் வாசிப்பறைக்கு வந்தவன் நான். என் விண்ணப்பம் உங்களிடமே இருக்கிறது. அதனால் முழுக் கதையையும் திரும்ப எழுதவில்லை. டெக் பயணியாக, அதாவது கப்பலின் திறந்த தளத்தில் கிடந்து, மலாயாவுக்கு வந்த என் பூட்டனார் எந்தக் கப்பலில் வந்தார் என்று தேடித்தான் வந்தேன். உங்கள் பட்டியலில் ‘துறைமுகப் பதிவேடுகள்’ என்று ஒரே வரியில் போட்டிருக்கும் கட்டுகளைத்தான் கேட்டேன். முதல் நாள், பொறுப்பான அதிகாரி கூட்டத்துக்குப் போய்விட்டார் என்றார்கள். இரண்டாம் நாள், நான் எழுதியது பழைய விண்ணப்பப் பாரம், புதிய பாரத்தில் எழுதித் தாருங்கள் என்றார்கள். மூன்றாம் நாள் மத்தியானம் 3 மணிக்கு, “அதெல்லாம் கப்பல் வந்த கணக்கு, போன கணக்கு. ஆள் பேர் எதுவும் இருக்காது. பேப்பரும் தொட்டால் பொடிந்துவிடும்” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

சொன்ன ஊழியர் மரியாதையாகத்தான் சொன்னார். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. ஆனால், அந்தக் கட்டை அவிழ்த்துப் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டதற்கு, இல்லை என்றார். தனக்குத் தெரிந்து யாரும் பார்த்ததில்லை என்றும் சொன்னார். அவிழ்க்காத கட்டுக்குள் என்ன இல்லை என்பது எப்படி ஐயா தெரிந்தது?

என் பூட்டனார் திருத்துறைப்பூண்டிப் பக்கத்துக்காரர். ‘ஜார்ஜ் மகாராசாவுக்கு முடிசூட்டின வருஷத்துத் தையில்’ கப்பலேறினார் என்பது எங்கள் வீட்டில் வழிவழியாக வந்த பேச்சு. 5-ஆம் ஜார்ஜுக்கு முடிசூட்டியது 1911 ஜூன். ஆக, 1911 ஜனவரி, பிப்ரவரி. தை என்பதும் பொருந்துகிறது. ஐப்பசி, கார்த்திகையில் நாகப்பட்டினத்துக் கடல் யாரையும் சும்மா விடாது. அங்கே கப்பல் கரையை ஒட்டி வராது, தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும், படகில் போய்த்தான் ஏற வேண்டும். பூட்டியார் படகிலிருந்து கப்பலுக்கு ஏறும்போது, 4 வயதுப் பிள்ளையைச் சேலையால் முதுகோடு சேர்த்துக் கட்டிக்கொண்டாராம். அந்தப் பிள்ளைதான் என் பாட்டனார். ஆறேழு நாள் திறந்த தளத்தில் கிடந்து பினாங்குக்கு வந்ததும், ஜெரஜாக் தீவில் தொற்றுத் தடுப்புக்கு வைத்திருந்து, பிறகு ரப்பர் தோட்டத்துக்கு அனுப்பினார்கள். எங்களுக்குத் தெரிந்தது இவ்வளவுதான். கப்பலின் பெயர் தெரியாது. தேதி தெரியாது.

பழைய பத்திரிகைகளைப் பார்க்கச் சொல்லி ஒரு நண்பர் யோசனை சொன்னார். ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் பத்திரிகையின் பழைய இதழ்களைச் சிங்கப்பூர்த் தேசிய நூலகம் இணையத்தில் ஏற்றிவைத்திருக்கிறது. சரி என்று உட்கார்ந்தேன். இரண்டு வருஷம், வேலை முடிந்து வந்த ராத்திரிகளில் எல்லாம் அதுதான் வேலை. முதலில் எனக்குப் பிரமிப்பாக இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். அன்றாடம் ஒரு பத்தி நிறையக் கப்பல்கள். பி அண்ட் ஓ தபால் கப்பல், பிரெஞ்சுக் கப்பல், ஜெர்மன் லாயிட் கப்பல், மலாக்காவுக்கும் தெலுக் ஆன்சனுக்கும் போய்வரும் சின்னச் சின்னக் கப்பல்கள். பத்தாவியாவுக்கு ஒன்று, சைகோனுக்கு ஒன்று, பாங்காக்குக்கு ஒன்று, ரங்கூனுக்கும் கல்கத்தாவுக்கும் ஒன்று. சூயஸ் கால்வாய் 1869-இல் திறந்த பிறகு இந்தக் கடல்வழி எப்படிப் பரபரப்பாகிவிட்டது என்பது அந்தப் பத்தியைப் பார்த்தாலே விளங்கும். கொடி, டன் கணக்கு, கேப்டன் பெயர், எங்கிருந்து வந்தது, என்றைக்குக் கிளம்பியது, ஏஜெண்டு யார், எந்தத் துறையில் கட்டியிருக்கிறார்கள் என்று ஒன்று விடாமல் இருக்கும்.

இடம் போதாதென்று எல்லாவற்றையும் சுருக்கெழுத்தில் போடுவார்கள். 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில், எந்தச் சுருக்கத்துக்கு என்ன பொருள் என்று பத்தியின் தலையிலேயே ஒரு விளக்கம் இருக்கும். ‘ஜி.சி.’ என்றால் பொதுச் சரக்கு. ‘டி.பி.’ (d.p.) என்றால் டெக் பயணி. ‘டி.பி.டபிள்யூ.’ (T.P.W.) என்றால் சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் துறை. ஒரு கப்பலின் வரியில் சரக்கு என்ன என்று போடுகிற இடத்தில் ‘ஜி.சி.’ என்று இருக்கும். அதற்குப் பக்கத்திலேயே ஓர் எண்ணும் ‘டி.பி.’யும் இருக்கும். சில கப்பலில் சில நூறு. நாகப்பட்டினத்துக் கப்பல் என்றால் சில சமயம் ஆயிரத்தை எட்டும்.

முதல் தடவை அதைப் படித்த ராத்திரி நான் கணினியை மூடிவிட்டு வெளியே போய் நின்றேன். சரக்குக்கு அடுத்த இடத்தில் என் ஆட்கள் இருந்தார்கள். அதே பக்கத்தில் கொஞ்சம் கீழே ‘பயணிகள்’ என்று இன்னொரு பத்தி. அதில் லண்டனிலிருந்தும் மார்செய்லிலிருந்தும் வந்த துரைமார்கள், துரைசானிகள், அவர்களுடைய கைக்குழந்தை உட்பட வரிசையாக அச்சிட்டிருந்தது. இன்னும் வந்து சேராதவர்களின் பெயர்கூட, இந்தத் தேதியில் இந்தக் கப்பலில் வரப்போகிறார்கள் என்று சில வாரங்களுக்கு முன்பே வந்துவிடும். பூட்டியார் முதுகில் கட்டிக்கொண்டு வந்த நாலு வயதுப் பிள்ளையை அந்த எண்ணில் ஒரு தலையாகச் சேர்த்தார்களா என்பதைக்கூட என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. 1911, 1912, 1913 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இந்தியாவிலிருந்து மலாயாவுக்கு வந்து இறங்கினார்கள். பெரும்பாலோர் தமிழர்கள். பத்திரிகையில் அவர்கள் எல்லோரும் வெறும் ‘டி.பி.’.

பத்திரிகை வியாபாரிகளுக்காக அச்சிட்டது. எந்தச் சரக்கு எப்போது வரும் என்பதுதான் அவர்களுக்கு வேண்டும், பெயர் வேண்டாம். அதனால்தான் பத்திரிகையை விட்டுவிட்டு உங்களிடம் வந்தேன்.

உங்கள் ஊழியர் சொன்னதுபோலப் பெயர் இல்லாமலே இருக்கலாம். ஆனால் அப்படி இருக்காது என்று நான் நினைப்பதற்குக் காரணம் உண்டு. 1910-இல் இங்கே ஒப்பந்தக் கூலி முறையை நிறுத்திவிட்டார்கள். அப்புறம் வந்தவர்களில் பெரும்பாலோர் கங்காணியோடு (தோட்டத்துக்காக ஊரில் ஆள் சேர்த்துக் கூட்டிவருபவனோடு) வந்தவர்கள். அவர்களுக்குக் கப்பல் டிக்கெட் வாங்கியது யார்? 1907-இல் அமைத்த இந்தியக் குடியேற்றக் குழு, தோட்டங்களிடமிருந்து வசூலித்த நிதியிலிருந்து கொடுத்தது. எந்தத் தோட்டத்துக்கு எத்தனை ஆள், எந்தக் கங்காணி கூட்டிவந்தான், எத்தனை பேரைத் தீவில் வைத்தார்கள், எத்தனை நாள் சோறு போட்டார்கள் என்று எழுதாமல் அந்தப் பணத்தை எப்படிக் கணக்குத் தீர்த்திருப்பார்கள்? காசு கொடுத்தவன் கணக்கு வைக்காமலா இருப்பான்? அந்தக் கணக்கு எங்கோ ஓரிடத்தில் கட்டி வைக்கப்பட்டிருக்கிறது. உங்களிடம் இருக்கும் கட்டுகளில் அது இருக்கிறதா என்பதைப் பார்க்கத்தான் கேட்கிறேன். இல்லை என்றால், இல்லை என்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள், போதும். நான் வேறு இடம் தேடிப் போய்க்கொள்கிறேன்.

தென்னாப்பிரிக்காவில் நிலைமை வேறு. 1860 நவம்பர் 16-இல் சென்னையிலிருந்து டர்பனுக்கு முதல் கப்பல் ‘ட்ரூரோ’ போய்ச் சேர்ந்தது. அன்றிலிருந்து 1911 வரை அங்கே இறங்கிய 1,52,184 பேருக்கும் பட்டியல் இருக்கிறது. பெயர், தகப்பன் பெயர், வயது, ஊர், உடம்பிலுள்ள தழும்பு எல்லாம் அதில் உண்டு. இன்று அந்தப் பட்டியலைக் கணினியில் தேடலாம். டர்பனில் இருக்கும் ஒரு தமிழ்ப் பிள்ளை தன் பூட்டனின் நெற்றியில் எந்தப் பக்கம் தழும்பு இருந்தது என்று தெரிந்துகொள்ள முடிகிறது. நாகப்பட்டினத்திலிருந்து சில நாள் பயணத்தில் இருக்கிற இந்த நாட்டுக்கு வந்த எங்களுக்குக் கப்பலின் பெயர்கூடக் கிடைக்கவில்லை.

பெயர் தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று நினைக்கிறவர்களுக்கு என் பெரியப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். தோட்டத்து லயத்தில் பிறந்தவர். பிறப்புப் பத்திரம் எடுத்துவைக்க அன்றைக்கு யாருக்கும் தெரியவில்லை. கடைசிவரை அவர் கையில் இருந்தது சிவப்பு ஐசிதான், அதாவது குடியுரிமை இல்லாதவருக்குக் கொடுக்கும் அடையாள அட்டை. குடியுரிமைக்காக அவர் ஏறி இறங்காத அலுவலகம் இல்லை. ஒவ்வொரு கவுண்டரிலும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: உன் அப்பா எப்போது வந்தார், எந்தக் கப்பலில் வந்தார், ஆதாரம் என்ன? என் பாட்டனார் வந்தது தாயின் முதுகில். பெரியப்பா எந்த ஆதாரத்தைக் கொண்டுபோய்க் கொடுப்பார்? ஒரு ஓட்டுகூடப் போடாமலே போய்ச் சேர்ந்தார். காடு வெட்டி, ரப்பர் நட்டு, பால் எடுத்தவர்களின் பிள்ளைகளிடம் ஆதாரம் கேட்பவர்கள், ஆதாரம் இருக்கக்கூடிய கட்டை ஏன் பூட்டிவைத்திருக்கிறார்கள்? ஆதாரம் கொண்டுவா என்று ஒரு கதவு சொல்கிறது. ஆதாரத்தைப் பார்க்க உனக்கு அனுமதியில்லை என்று அடுத்த கதவு சொல்கிறது. இரண்டுக்கும் நடுவில் ஒரு மனிதரின் ஆயுசே முடிந்துபோனது.

மன்னிக்க வேண்டும். குடியுரிமை உங்கள் இலாகா இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் கட்டுகள் உங்களிடம் இருக்கின்றன.

1926-இல் கட்டி இந்த வழியில் ஓட்டிய இரண்டு கப்பல்களை எங்கள் பெரியவர்கள் நன்றாக அறிவார்கள்: ரஜூலா, ரோனா. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ரஜூலா 1970-களின் தொடக்கம் வரை ஓடியது. என் அப்பாவே அதில் ஒரு தடவை ஊருக்குப் போய்வந்திருக்கிறார். ரோனாவைப் போருக்கு எடுத்துக்கொண்டார்கள். 1943 நவம்பர் 26-இல் அல்ஜீரியக் கரைக்கு அருகே ஜெர்மன் குண்டு தாக்கி மூழ்கியது. அதில் இருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கப் படைவீரர்கள் இறந்தார்கள். அந்த விவரத்தை அவர்களுடைய அரசு வெகுகாலம் வெளியே விடவில்லை. ஆனாலும் குடும்பங்கள் விடாமல் கேட்டார்கள். இன்று அலபாமாவில் அவர்களுக்கு நினைவுச்சின்னம் இருக்கிறது. அதே கப்பலின் தளத்தில் போருக்கு முன்பு பல வருஷம் போய்வந்த எங்கள் ஆட்கள் எத்தனை ஆயிரம் பேர், யார் யார் என்று கேட்க எங்களுக்கும் உரிமை இருக்கிறது.

அதனால் மறுபடியும் கேட்கிறேன். அந்தக் கட்டுகளைத் திறந்து காட்டுங்கள். பேப்பர் பொடிகிறது என்றால், பூட்டிவைத்தாலும் பொடியத்தான் செய்யும். நம் ஊர் ஈரத்தில் அது இன்னும் எத்தனை வருஷம் தாங்கும் என்று உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். கையால் தொட விடவேண்டாம், படமெடுத்துப் போடுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் போடச் சொல்லவில்லை. மாதம் ஒரு கட்டு என்று தொடங்கினால்கூடப் போதும். முதலில் பினாங்கு, சுவெட்டன்ஹாம் துறைமுகம் (இன்றைய கிள்ளான் துறைமுகம்) சம்பந்தப்பட்ட 1907 முதல் 1914 வரையிலான கட்டுகள். பழைய கையெழுத்தைப் படித்துத் தட்டச்சு செய்ய ஆள் இல்லை என்று சொன்னால், நாங்கள் செய்து தருகிறோம். எங்கள் பக்கத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் ஏழெட்டுப் பேர் சம்பளம் இல்லாமல் உட்கார்ந்து எழுத இப்போதே தயார். சனிக்கிழமை சனிக்கிழமை வருவோம். கையுறை போடச் சொன்னால் போட்டுக்கொள்கிறோம், பையை வெளியே வைக்கச் சொன்னால் வைக்கிறோம்.

உங்கள் அலுவலகத்தில் ஆட்கள் குறைவு, வேலை அதிகம் என்பதை அந்த 3 நாளில் நானே பார்த்தேன். வாசிப்பறையில் எனக்குத் தண்ணீர் கொடுத்து, மின்விசிறிக்குக் கீழே உட்காரச் சொன்ன அம்மாவுக்கு என் நன்றியைச் சொல்லுங்கள். புதிய பாரத்தில் எழுதிக்கொடுத்த என் விண்ணப்பத்துக்கு இன்னும் எழுத்தில் பதில் வரவில்லை. தயவுசெய்து ஒரு பதில் அனுப்புங்கள். கட்டை அவிழ்த்துப் பார்த்த பிறகு எழுதிய பதிலாக அது இருக்கட்டும். வருகிற தைக்குள் வந்தால், தோட்டத்தில் பொங்கலுக்கு எல்லோரும் கூடும்போது வாசித்துக் காட்டுவேன்.

மிக்க பணிவுடன்,
பேராக் மாநிலத்து ரப்பர் தோட்டமொன்றில் பிறந்தவன்