டீயில் ஊற்றும் பால் கணக்கில் சேருமா?

கோத்தகிரிப் பக்கம் எங்கள் ஹட்டியில் (படுகர் ஊரில்) உள்ள பள்ளியின் மேலாண்மைக் குழுவில் இருக்கும் அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும்,

வணக்கம். சாயங்காலம் சிறப்பு வகுப்புக்கு இருக்கும் பிள்ளைகளுக்கு டீ, பிஸ்கட்டுக்குப் பதில் பாலோ தயிரோ தரலாமே என்று போன கூட்டத்தில் கேட்டேன். "அதான் டீயிலயே பால் இருக்குல்ல" என்று ஒருவர் சொல்ல, எல்லாரும் சிரித்துவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டோம். நானும்தான் சிரித்தேன். அப்புறம் வீட்டில் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

அரை லிட்டர் பாக்கெட், ஐந்து பேர், மூன்று வேளை டீ. ஆளுக்கு நாள் முழுக்க 100 மில்லி, அதிலும் வந்து போகிறவர்களுக்குப் பங்கு உண்டு. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் நாளுக்கு 300 மில்லி பாலோ தயிரோ வேண்டும் என்கிறது. 100 மில்லி பசும்பாலில் சுண்ணாம்புச் சத்து சுமார் 120 மில்லிகிராம்தான், பெரியவர்களுக்கே நாளுக்கு 1000 வேண்டும். போதாததற்கு, சாப்பாட்டோடு டீ குடித்தால் சாப்பாட்டில் உள்ள இரும்புச் சத்தும் உடம்பில் சரியாகச் சேராது. பச்சைத் தேயிலை விற்றுப் பிழைக்கிற நானே இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது, என்ன செய்ய.

"இந்தக் குளிருக்குத் தயிரா, சளி பிடிக்கும்" என்பீர்கள். சளி வைரஸால் வருகிறது, தயிரால் இல்லை. இதே மலையில் தோடர்கள் காலங்காலமாக எருமைப் பாலும் மோருமாகத்தானே வாழ்ந்திருக்கிறார்கள்? குளிரில் நிஜமான தொல்லை வேறு, தயிர் உறையவே உறையாது. பால் இளஞ்சூட்டில் இருக்கும்போதே உறை ஊற்றி, பாத்திரத்துக்குப் பழைய ஸ்வெட்டரைச் சுற்றி அடுப்போரம் வைத்துவிடுங்கள், மார்கழியிலும் காலையில் கெட்டியாக இருக்கும். பால் குடித்தால் வயிறு உப்பும் பிள்ளைகளுக்கும் தயிர் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும், ஏனென்றால் உறையும்போதே பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரை கொஞ்சம் குறைந்துவிடுகிறது. பால் ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு மட்டும் இரண்டுமே ஆகாது, பெற்றோரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

பாலை அமிர்தம் என்று சொல்ல வரவில்லை. கேழ்வரகு மாவில் எடைக்கு எடை பாலைப்போல மூன்று பங்கு சுண்ணாம்புச் சத்து இருக்கிறது, பாலில் இரும்புச் சத்து இல்லாத மாதிரிதான். கீரையும் பயறும் வேண்டியதுதான். ஆனால் டீக்குப் பதிலாக என்று பாட்டில் பாதாம் பாலை மட்டும் இறக்கிவிடாதீர்கள், அதில் சர்க்கரை அதிகம்.

40 பிள்ளைகள், ஆளுக்கு 150 மில்லி, மொத்தம் 6 லிட்டர். தினமும் முடியாது என்றால் வாரம் இரண்டு நாள் தொடங்கலாம். அடுத்த கூட்டத்துக்கு ஒரு தூக்குவாளி வீட்டுத் தயிர் கொண்டு வருகிறேன், உப்பு மட்டும் போட்டு. சாப்பிட்டுவிட்டுப் பேசுவோம்.

இப்படிக்கு,
ஏழாம் வகுப்புப் பிள்ளையின் அம்மா